கார்த்திகையில் கிண்டிய களி

கல்லின் மேல் கல் சுற்றும் சத்தம் அது. வறுத்த அரிசி இடையில் அகப்பட்டு நொறுங்கும்போது முதலில் கரகரவென்று இருக்கும். பிறகு மழை ஓய்வதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். சிறு வயதில் நான் கேட்டது. அந்தத் திருகை இப்போது எங்கே கிடக்கிறதோ தெரியாது. சத்தம் மட்டும் இருக்கிறது.

கொள்ளிடத்தின் வடகரையில், ஓடத்துறைக்குச் சற்று மேலே, ஒரு சிறிய மடம் இருந்தது. பதினோரு பேர் அங்கே வாழ்ந்தார்கள். மடத்தின் தலைவி வடிவுடையாள். முப்பத்தெட்டு வயது. அவளைவிட மூத்தவர்களும் அவளை அம்மா என்றே அழைத்தார்கள். அவள் உபதேசம் செய்து யாரும் கேட்டதில்லை. எதையாவது கேட்டால் பதில் சொல்வாள். பெரும்பாலும் தெரியாது என்றுதான் சொல்வாள்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்தவர் சட்டநாத வைத்தியர். ஐம்பத்தாறு வயது. சீர்காழியில் முப்பது ஆண்டுகள் நாடி பார்த்தவர். மனைவி இறந்தபின் வீட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். மருந்துப் பெட்டியைக்கூடக் கொண்டுவரவில்லை. எதற்கும் காரணம் கேட்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

கார்த்திகை பிறந்து நான்காம் நாள். வெளியே மழை. வைத்தியர் அடுக்களையில் உட்கார்ந்து, சமைக்கும் செங்கமலத்துக்குப் பருப்பில் கல் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பரண்மேல் பழைய துணியில் சுற்றி ஏதோ இருந்தது. என்னவென்று கேட்டார்.

களித் திருகை என்றாள் செங்கமலம். திருவாதிரைக்கு முதல்நாள் இறங்கும், மறுநாள் ஏறிவிடும். வேறு எதையும் அதில் உடைப்பதில்லை.

வைத்தியர் பருப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கூடத்துக்குப் போனார். அம்மா தீபத்துக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, களியில என்ன இருக்கு? பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய், ரெண்டு கரண்டி நெய். எல்லாம் தினமும் நம்ம அடுக்களையில இருக்கு. கிடைக்காத பொருள் ஒண்ணுகூட இல்லை. பிறகு ஏன் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்?"

அம்மா ஒரு திரியை முடிக்கும்வரை யோசித்தாள்.

"தெரியலையே" என்றாள்.

உடம்புக்கு நாள் கிழமை கிடையாது என்றார் வைத்தியர். மார்கழியில் ஒத்துக்கொள்வது கார்த்திகையிலும் ஒத்துக்கொள்ளும். நாக்குக்கும் நட்சத்திரம் தெரியாது.

பின்னாலேயே வந்திருந்த செங்கமலம் நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "தீபாவளி லேகியத்தை மட்டும் ஏன் வைத்தியரே ஐப்பசியில கிண்டுறீங்க?"

"அன்னைக்குத்தான் ஊரே அஜீரணத்துல கிடக்கும்."

"அப்போ உங்க மருந்துக்கும் ஒரு நாள் தேவைப்படுது."

அம்மா அடுத்த திரிக்குப் பஞ்சை எடுத்தபடி சொன்னாள். "நாளைக்குச் செஞ்சு பாருங்களேன்."

"நானா?"

"நீங்கதானே கேட்டீங்க."

மறுநாள் காலை வைத்தியர் திருகையை இறக்கினார். கரண்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்ட செங்கமலம், தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அளவு மட்டும் சொன்னாள். அரிசி சிவந்தது. திருகை சுற்றியது. பாகு கொதித்தது. மடம் முழுக்க மணம் பரவியது.

பந்தியில்தான் குழப்பம் தொடங்கியது.

மாலை கட்டும் பண்டாரம் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் மெல்லுவதை நிறுத்தினார். இன்று என்ன நாள் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். செவ்வாய் என்றார் அவர். பண்டாரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எண்ணிய பிறகும் நம்பிக்கை வரவில்லை. பெரிய மாலை கட்ட மறந்துவிட்டேனோ என்று பாதியில் எழுந்து போய்ப் பூக்கூடையைப் பார்த்துவிட்டு வந்தார். வழிப்போக்கராகத் தங்கியிருந்த ஒரு பெண் அபிஷேகம் முடிந்துவிட்டதா என்று எல்லோரிடமும் கேட்டாள். செங்கமலம் சாப்பிட்டு முடித்து நேரே கிணற்றடிக்குப் போய் இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். காலையிலேயே குளித்தவள் அவள். ஏன் என்று கேட்டதற்கு, குளிக்காமல் சாப்பிட்டதுபோல் இருந்தது என்றாள்.

களியில் குறையில்லை. பதமாகத்தான் இருந்தது. யாரும் இலையில் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் எதையோ மறந்தவர்கள்போல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஓர் இலைக்கு முன்னால் யாருமே உட்காரவில்லை என்பதை வைத்தியர் கை கழுவும்போதுதான் கவனித்தார். அது அமிர்தலிங்கத்தின் இடம்.

அமிர்தலிங்கம் அந்தத் துறையில் ஓடம் தள்ளியவர். பார்வை போய் ஆறு ஆண்டுகள். கூடத்தின் மூலையில் ஒரு பாயும் ஒரு தடியும் அவருக்கு. நேற்று நடந்தது பெரும்பாலும் இன்று நினைவிருக்காது. மாதங்களின் பெயர்கள் கலங்கிப் போயிருந்தன. ஆண்டை மட்டும் அவர் தவறவிடவில்லை. திருகைச் சத்தம் கேட்டால் ஒரு வயது கூடியது என்று வைத்துக்கொள்வார். போன திருவாதிரையோடு எழுபத்தேழு.

அவருக்கு ஒரே மகள். தையல்நாயகி. தென்கரையில் ஒரு பெரிய மிராசு வீட்டில் சமையல் வேலை. அந்த வீட்டார் திருவாதிரைத் தரிசனத்துக்குக் குடும்பத்தோடு தில்லைக்குப் போவார்கள். அன்று ஒருநாள்தான் அந்த வீட்டு அடுப்பு அணையும். அன்று ஒருநாள்தான் அவள் ஓடம் ஏறி வருவாள். அப்பாவும் மகளும் துறைப் படியில் உட்கார்ந்து களி சாப்பிடுவார்கள். பொழுது சாயும்முன் அவள் திரும்பிவிடுவாள். போகும்போது ஒவ்வொரு முறையும் அவள் சொல்வது ஒன்றுதான். திருவாதிரைக்கு நான் வராமல் இருக்கமாட்டேன். வரவில்லை என்றால் நான் இல்லை என்று வைத்துக்கொள்.

அன்று காலை அமிர்தலிங்கம் திருகைச் சத்தத்தைக் கேட்டிருந்தார். குளித்தார். பெட்டியிலிருந்து வெளுத்த வேட்டியை எடுத்துக் கட்டினார். செங்கமலத்திடம் போய் இரண்டு பங்கு கேட்டார். அவளும் இலையில் இரண்டு பங்கு கட்டிக் கொடுத்துவிட்டாள். அந்த மணத்தில் அவர் வந்து நின்று கேட்டால் இரண்டாகக் கட்டிக் கொடுப்பது அவள் கையின் பழக்கம். கொடுத்தது அவளுக்கே நினைவில்லை.

மாலை வரை அவர் மழையில் துறைப் படியில் உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் பண்டாரம் பார்த்து அழைத்து வந்தார். இரண்டு பொட்டலமும் அவிழ்க்காமல் மடியில் இருந்தன.

"வரல" என்றார் அமிர்தலிங்கம். ஈர வேட்டியோடு சுவரைப் பார்த்துப் படுத்தார்.

செங்கமலம் வைத்தியருக்கு விஷயத்தை விளக்கினாள். உடனே அவர் கிழவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். இன்று திருவாதிரை இல்லை. இது கார்த்திகை. இன்னும் ஒரு மாதத்துக்குமேல் இருக்கிறது. நான்தான் சும்மா ஒரு கேள்விக்காகக் களி கிண்டினேன்.

அமிர்தலிங்கம் பொறுமையாகக் கேட்டார்.

"கார்த்திகையில யாராவது களி கிண்டுவாங்களா, வைத்தியரே?"

"நான் கிண்டினேன்."

"எதுக்கு?"

வைத்தியர் அரிசி, வெல்லம், நாக்கு, நட்சத்திரம் என்று தொடங்கினார்.

"என்னைத் தேத்துறதுக்குச் சொல்றீங்க. இருக்கட்டும்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார் கிழவர்.

அவர் சாப்பாட்டைக் குறைத்தார். மூன்றாம் நாள் இரண்டு கவளம். ஐந்தாம் நாள் ஒன்று. யார் போய்ச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மகளைப் பறிகொடுத்தவனிடம் நாலு பேர் நாலுவிதமாகத்தான் பேசுவார்கள் என்று பண்டாரத்திடம் சொன்னாராம்.

வைத்தியர் மறுபடி அம்மாவிடம் போனார். அம்மா அகல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொல் பலிக்கவில்லை, கண்ணெதிரே காட்டினால்தான் நம்புவார் என்றார் வைத்தியர். களியை எந்த நாளிலும் கிண்டலாம் என்று அவர் கையாலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

"காட்டுங்க" என்றாள் அம்மா.

ஒன்பதாம் நாள் வைத்தியர் மறுபடியும் திருகையை இறக்கினார். அமிர்தலிங்கத்தைக் கைபிடித்து அடுக்களைக்கு அழைத்து வந்து உட்கார வைத்து, திருகையின் கைப்பிடியை அவர் கையில் கொடுத்தார். இருவருமாகச் சுற்றினார்கள். நொறுங்கிய அரிசி கிழவரின் விரல்மேல் விழுந்தது.

"பார்த்தீங்களா, நினைச்சா எப்ப வேணும்னாலும் செய்யலாம்" என்றார் வைத்தியர்.

கிழவர் கொஞ்சநேரம் விரலில் ஒட்டிய நொய்யைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்ததும் வந்துடுச்சா?" என்றார். "படுத்தே கிடந்ததுல ஒரு வருஷம் போனது தெரியல. இந்த வருஷமும் அவ வரல பாருங்க. எழுபத்தொன்பது ஆயிடுச்சு எனக்கு."

தூணுக்கு அந்தப் பக்கம் செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று வைத்தியருக்கு விளங்கவில்லை. அன்று அந்தக் களியை யாரும் சாப்பிடவில்லை. அடுப்புச் சாம்பலோடு அது காய்ந்து கிடந்தது.

ஆற்றில் வெள்ளம் வடியவும் ஓடம் விடத் தொடங்கினார்கள். முதல் ஓடத்திலேயே வைத்தியர் தென்கரைக்குப் போனார். துறையிலிருந்து நாலு நாழிகை நடை. மிராசு வீட்டின் கொல்லைப்பக்கம் போய்த் தையல்நாயகியை விசாரித்தார்.

அவள் பாலைக் கிளறிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கரண்டியை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீங்க வைத்தியராமே" என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா."

"யாருக்கு வைத்தியம் பார்க்கக் கார்த்திகையில திருகையை இறக்குனீங்க?"

வைத்தியர் தலை குனிந்தார். இன்றே தன்னோடு வரவேண்டும் என்று கெஞ்சினார். ஒரு நாழிகை வந்து முகம் காட்டினால் போதும் என்றார்.

அவளால் முடியாது. இப்போது கேட்டுக்கொண்டு போனால் திருவாதிரைக்கு விடமாட்டார்கள். அந்த வீட்டில் அவளுக்கு ஆண்டுக்கு ஒரு நாள்தான், அது எந்த நாள் என்பதும் அவள் கையில் இல்லை. இப்போது போய்விட்டு அப்போது போகாமல் இருந்தால் அன்று திருகைச் சத்தம் கேட்டு அவர் என்ன நினைப்பார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். வைத்தியருக்கு அதுவும் சரியாகவே பட்டது.

பாலை இறக்கிவைத்துவிட்டு அவள் பேசினாள்.

"இந்த வீட்டுல வெள்ளிக்கு வெள்ளி சர்க்கரைப்பொங்கல் நெய் ஒழுகத்தான் செய்யுறேன். நினைச்சா களியும் கிண்டச் சொல்லுவாங்க. கிண்டுவேன். வாயில வைக்கமாட்டேன். அதை அப்பாகூட அந்தப் படியில உட்கார்ந்து சாப்பிட்டாத்தான் எனக்கும் ஒரு வயசு கூடும்."

அவள் வலது கையில் ஒரு செப்புக் காப்பு இருந்தது. ஏழு வயதில் காய்ச்சல் வந்தபோது அமிர்தலிங்கம் போட்டுவிட்டது. பிறகு ஒருமுறை தட்டிப் பெரிதாக்கிய தழும்பு அதில் இருந்தது. விளக்கெண்ணெய் தடவி அதைக் கழற்றினாள். எளிதில் வரவில்லை. விரல் மூட்டின் மொளியில் தோல் உரிந்தது.

"இதைத் தொட்டா அப்பாவுக்குத் தெரியும். நான் குடுத்தேன்னு சொல்லுங்க."

வைத்தியர் அன்றைக்கே திரும்பினார். வழியெல்லாம் காப்பை மடியில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலை அமிர்தலிங்கத்தின் உள்ளங்கையில் அதை வைத்தார்.

கிழவர் விரலால் அதைச் சுற்றித் தடவினார். தழும்பு வந்ததும் விரல் நின்றது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். விளக்கெண்ணெய் வாசனை.

"எங்க எரிச்சாங்க?" என்றார்.

வைத்தியர் கொட்டித் தீர்த்தார். உயிரோடு இருக்கிறாள், பேசினேன், பால் கிளறினாள், என்னைத் திட்டினாள், அவளே கழற்றிக் கொடுத்தாள்.

அமிர்தலிங்கம் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இது உசிரோட இருக்கிறவ கையிலேருந்து கழலாது, வைத்தியரே. நான் போட்டது, எனக்குத் தெரியாதா? கட்டையில வைக்கும் முன்னாடிதான் எண்ணெய் போட்டு உருவுவாங்க." சற்று நிறுத்தி, "நீங்க நல்லவர். ஆனா உங்களுக்குப் பொய் சொல்ல வராது" என்றார்.

அன்றிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்தார்.

வைத்தியர் நாடி பார்த்தார். முப்பது ஆண்டுப் பழக்கம், விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுந்து நேரே அம்மாவிடம் போனார். அம்மா விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உள்ளதைச் சொன்னேன், அம்மா. காட்டினேன். கையிலயே கொண்டுவந்து குடுத்தேன். மூணு தடவையும் அந்தப் பொண்ணை நான்தான் கொன்னேன். எதைச் செஞ்சாலும் அப்படியே ஆயிடுது. ஒண்ணும் புரியல."

"எத்தனை நாள் தாங்குவார்?"

"பத்து."

"திருவாதிரைக்கு?"

"இருபத்தேழு."

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்து மூலைக்குப் போய்க் கிழவரின் பாயருகே உட்கார்ந்தாள். அவள் வந்திருப்பதைக் கிழவர் மூச்சிலேயே தெரிந்துகொண்டார். வைத்தியர் தூணருகே நின்றார்.

"வர்ற திருவாதிரைக்குத் தையலுக்கு ஒரு இலை போடணும்" என்றாள் அம்மா. "துறைப் படியில."

கிழவர் அசையவில்லை.

"செங்கமலம் கிண்டிக் குடுப்பா. இலை போட்டு அவளைக் கூப்பிடுறது யாரு?"

"வேற யாரு இருக்கா?" என்றார் கிழவர்.

"அதான் கேட்கிறேன்."

"நான்தான் கூப்பிடணும்."

"எழுந்து படி இறங்க முடியுமா உங்களால?"

கிழவர் யோசித்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். முழங்கை மடங்கியது. திரும்பவும் ஊன்றினார்.

"கஞ்சி இருக்கா?" என்று கேட்டார்.

அம்மா வெளியே வந்ததும் வைத்தியர் பின்னாலேயே வந்தார். செத்தவளுக்குப் படைக்கப்போவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றார். உயிரோடு இருப்பவளுக்கு அப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அவளுடைய தகப்பனை ஏமாற்றுவதாகாதா என்றார். நேற்றுவரை மெய்யைச் சொல்லி அலைந்தவர் அவர்.

"குடிக்கிறாரா?" என்றாள் அம்மா.

வைத்தியர் திரும்பிப் பார்த்தார். செங்கமலம் கிண்ணத்தைப் பிடித்திருந்தாள்.

"குடிக்கிறார்."

அம்மா விளக்குகளுக்குத் திரும்பிப் போனாள்.

இருபத்தேழு நாளும் காலையில் அமிர்தலிங்கம் ஒன்றையே கேட்டார். இன்னும் எத்தனை நாள். கேட்டு, சொன்ன எண்ணை மறந்து, மறுபடியும் கேட்டார். பண்டாரம் ஒருநாள் சலித்துப்போய், பெண் அழைக்கிற வீட்டில்கூட இத்தனை முறை கேட்கமாட்டார்கள் என்றார். கிழவர் சிரித்தார். மதியக் கஞ்சி சோறானது. நடை வந்தது. வைத்தியர் தினமும் நாடி பார்த்தார். அது ஏறிக்கொண்டு வந்தது. மகள் இறந்ததாக நம்புகிற ஒரு மனிதரின் நாடி எப்படி இப்படி ஏறும் என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் படித்த சுவடிகளில் அதற்கு இடமில்லை.

மார்கழி வந்தது. திருகை இறங்கியது. இந்த முறை செங்கமலம் வைத்தியரை அடுக்களைப் பக்கமே விடவில்லை.

திருவாதிரை அன்று காலையில் பனி. துறைப் படியில் அம்மாவே இடத்தைக் கழுவிக் கோலமிட்டாள். ஒரு நுனியிலை. அகல் ஒன்று. இலையில் களி, பக்கத்தில் ஏழுகறிக் கூட்டு. அமிர்தலிங்கம் வெளுத்த வேட்டியில் உட்கார்ந்திருந்தார். கையில் காப்பு.

நடு ஆற்றில் ஓடம் வந்துகொண்டிருந்தது. ஓடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வைத்தியருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓடிப்போய் அவளிடம் முதலில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், இலையைப் பார்த்து அவள் பயந்துவிடக் கூடாது, கிழவர் அதிர்ந்துவிடக் கூடாது என்று படியில் இறங்கப் போனார். அம்மா அவர் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஓடம் கரை தட்டியது. தையல்நாயகி இறங்கி நான்கு படி ஏறினாள். இலையைப் பார்த்தாள். அகலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அங்கேயே நின்றாள்.

கிழவர் ஆற்றைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"தையலு, வந்து சாப்பிடு."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"வந்துட்டேம்ப்பா."

அமிர்தலிங்கம் திடுக்கிடவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒரு வாய் எடுத்து உண்பதைக் கேட்டார். இரண்டாவது வாயையும் கேட்டார்.

"ஆத்துல தண்ணி அதிகமா?"

"அதிகந்தான்."

"காலு நனைஞ்சுதா?"

"நனைஞ்சுதுப்பா."

கையைக் கொடு என்றார். கொடுத்தாள். காப்பைப் போட்டுவிட முயன்றார். மொளியைத் தாண்டவில்லை. விரல்களைத் தடவிப் பார்த்தார். காய்ப்பு இருந்தது. சூடு பட்ட தழும்பு புதிதாக ஒன்று இருந்தது.

"அங்கேயும் வேலை வாங்குறாங்களா உன்னை?"

"எங்க இருந்தாலும் அடுப்புதாம்ப்பா."

கிழவர் பெருமூச்சுவிட்டார். "அதுசரி" என்றார். பிறகு தன் பங்கை எடுத்துச் சாப்பிட்டார். இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். இலையில் அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. வெயில் ஏறியதும் எண்ணெய் கொண்டுவரச் சொல்லிக் காப்பை மெல்ல மெல்லத் தள்ளி மணிக்கட்டில் ஏற்றிவிட்டார்.

பொழுது சாயும்முன் அவள் ஓடம் ஏறினாள். எப்போதும் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தவள், வைத்தியர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே போனாள்.

வைத்தியர் கிழவரைக் கைபிடித்துப் படியேற்றினார். மேல் படி வந்ததும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இப்பவாவது தெரிஞ்சுதா? அவ உயிரோடதான் இருக்கா."

அமிர்தலிங்கம் நின்று மூச்சு வாங்கினார்.

"கூப்பிட்டேன். வந்தா. சாப்பிட்டா" என்றார். "அதுக்குமேல என்ன தெரியணும்?"

அவர் நம்பிவிட்டாரா, நம்பாமலே நிறைந்துவிட்டாரா என்று வைத்தியருக்குத் தெரியவில்லை. வேறு யாருக்கும் தெரியவில்லை. செங்கமலத்தைக் கேட்டால், அடுத்த ஆண்டுக்கு அரிசி எடுத்து வைக்க வேண்டும் என்றாள்.

மறுநாள் வைத்தியர் திருகையைக் கழுவி வெயிலில் வைத்திருந்தார். அம்மா துணியோடு வந்தாள். இருவரும் கல்லைத் துடைத்தார்கள்.

"அம்மா, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் கிடைக்கல. ஏன் ஒரே ஒரு நாள்னு."

"எனக்கும்தான்."

"கிடைச்ச மாதிரி இருக்கு. பிடிச்சா நழுவுது. கிண்டினதால அவரு செத்துப்போகப் பார்த்தாரு. கிண்டினதாலதான் பிழைச்சாரு."

அம்மா மேல்கல்லைத் தூக்கி அடிக்கல்லின் மேல் வைத்தாள். குழியும் முளையும் பொருந்தின.

"நீங்க அன்னைக்கு வேண்டாம்னு ஒரு சொல் சொல்லியிருந்தா இத்தனையும் நடந்திருக்காது" என்றார் வைத்தியர். "இது இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. ஏன் தடுக்கல?"

அம்மா துணியின் நான்கு முனைகளையும் எடுத்துச் சேர்த்தாள். அவள் எந்த ஊர், யார் வீட்டுப் பெண், எந்த வயதில் இந்தக் கரைக்கு வந்தாள் என்று மடத்தில் யாரும் கேட்டதில்லை. வைத்தியரும் கேட்டதில்லை.

முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கும் ஒரு வாய் வேணும்போல இருந்துச்சு" என்றாள்.

வைத்தியர் திருகையைத் தூக்கிப் பரணில் வைத்தார்.

அமிர்தலிங்கம் அதற்குப் பிறகு மூன்று திருவாதிரை இருந்தார். மூன்றுக்கும் தையல்நாயகி வந்தாள். இறக்கும்போது அவருக்கு வயது எண்பத்தொன்று. எண்பத்துமூன்று என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.